கியர் விழாத காரும் என் மைத்துனனும்

ஒர்க்‌ஷாப்பில் அடுத்த வண்டி நிற்கும் பக்கத்து பேயில் வேலை செய்கிறவனைப் பார்த்து உங்களில் எத்தனை பேருக்கு வயிறு எரிந்திருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம். எனக்கு எரிந்தது. பல வருடம் எரிந்தது. ரிட்டயர் ஆன பிறகு முழுதாக அணைந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

கியர் பாக்ஸ் பற்றிப் புதுப் பையன்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்கள் சூபர்வைசர் போன் செய்தபோது எதைச் சொல்வது என்று யோசித்தேன். சிங்க்ரோ ரிங் மாற்றுவது, கிளட்ச் கேபிள் வைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கருவிகளும் எங்கள் காலத்தைவிட உங்களிடம் நல்லவை இருக்கின்றன. அதனால் ஒரே புகாரோடு மூன்று தடவை வந்த ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன். அதில் கியரைவிடப் பொறாமைதான் அதிகம். என்னுடைய பொறாமை மட்டும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. வில்சன் கார்டனில் ஒரு டீலர் ஒர்க்‌ஷாப்பில் நான் சீனியர் மெக்கானிக். பெங்களூரில் அப்போதுதான் சின்னக் கார்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்தன, சம்பளம் வந்தது, கார் வந்தது, காரோட்டக் கற்றுக்கொண்டு ஒரு மாதம் ஆனவர்கள் எல்லாம் வந்தார்கள். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

அதே ஒர்க்‌ஷாப்பில் என் மனைவி வசந்தாவின் தம்பி சேகரும் வேலை செய்தான். ஐ.டி.ஐ. முடித்து ஸ்ரீராம்புரத்து வீட்டில் சும்மா இருந்தவனை மேனேஜரிடம் அழைத்துப்போய் நிறுத்தியவனே நான்தான். "நம்ம பையன் சார், நல்லா வேலை செய்வான்" என்று சொன்னேன். நான் சொன்னது பலித்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

இரண்டே வருடத்தில் கார் கம்பெனி நடத்தும் டிரெயினிங்குக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று வந்தபோது மேனேஜர் அவனை அனுப்பினார். எனக்கு வயதாகிவிட்டதாம். அப்போது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. போய்விட்டு வந்தவன் புது ஓவர்ஆலும் புதுப் பேச்சுமாக வந்தான். கஸ்டமர்கள் உள்ளே நுழையும்போதே "சேகர் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் மேனேஜர் கன்னடக்காரர். அவனை "சேகர் அவரே" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். என்னை "ஏ மாணிக்கா" என்றுதான் கூப்பிடுவார். முன்பெல்லாம் அந்த "ஏ" எனக்குக் கேட்டதே இல்லை. சேகர் வந்த பிறகு தினமும் கேட்டது.

வீட்டிலும் விடிவு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீராம்புரத்தில் மாமியார் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை நான். ஆனால் குழம்பிலிருந்து நல்லி எலும்பு கரண்டியோடு எழுந்து நேராக அவன் தட்டுக்குப் போகும். "எம்புள்ள கையி பட்டா எந்த வண்டியும் ஓடும்" என்பார் மாமியார். வசந்தா என் முகத்தைப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன்.

பொறாமை கெட்டது, அதை விட்டொழியுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் போகாது. எனக்குப் போகவில்லை. அவன் எந்த வண்டியைத் தொட்டாலும் நான் அதை ஓரக்கண்ணால் கவனித்தேன். அவன் எப்படிக் கேட்கிறான், எதை முதலில் திறக்கிறான், எதைத் திறக்காமல் விடுகிறான் என்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்ட அளவுக்கு அதற்கு முன்னால் கற்றுக்கொண்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் இவ்வளவு கவனித்திருக்க மாட்டேன்.

சரி, காருக்கு வருகிறேன்.

சேலத்துக்காரர் ஒருவர். வங்கியில் அதிகாரி. மாற்றலாகிப் பெங்களூர் வந்தவர். மனைவிக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஃபர்ஸ்ட் கியரும் ரிவர்ஸும் விழுவதில்லை, அழுத்திப் போட்டால் கர்ரென்று கத்துகிறது என்று கொண்டுவந்தார்.

சேகர்தான் பார்த்தான். கியர் பாக்ஸை இறக்கித் திறந்தான். கியர் பற்கள் கத்தாமல் சேர உதவும் சிங்க்ரோ ரிங் உண்மையிலேயே தேய்ந்திருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். புது ரிங் போட்டு ஏற்றினான். சேலத்துக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து லால்பாக்கைச் சுற்றி ஓட்டிக் காட்டினான். வெண்ணெய் மாதிரி விழுந்தது. அவர் கைகொடுத்துவிட்டுப் போனார்.

சில வாரங்களில் திரும்பி வந்தார். அதே கர்ர். இந்தத் தடவை கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் இரண்டையும் மாற்றினான். மறுபடியும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினான். மறுபடியும் வெண்ணெய்.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது குரல் ரிசப்ஷன் தாண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டர் வரைக்கும் கேட்டது. கம்பெனியின் மண்டல அலுவலகத்தில் புகார் செய்துவிட்டார். மறுநாள் அங்கிருந்து ஓர் அதிகாரி வந்து வண்டியைப் பார்க்கப்போகிறார். புது கியர் பாக்ஸே வேண்டும், பழுது பார்ப்பதெல்லாம் போதும் என்றார்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. கியர் பாக்ஸ் வேலைக்கென்று தனிப் பிரிவு போட்டு அதற்கு ஒருவரைப் பொறுப்பாக வைக்க மேனேஜர் முடிவு செய்திருந்தார். அனுபவம் பார்த்தால் எனக்கு. டிரெயினிங் பார்த்தால் சேகருக்கு. அந்த மாதம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏ மாணிக்கா, நோடு, இந்த வண்டிய இனிமே நீ பாரு. சேகர் அவர் ரெண்டு தடவ பாத்தாயித்து."

சேகர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கையைத் துணியில் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கை.

"மாமா, நான் போட்டதெல்லாம் சரியாத்தான் இருக்கும். வேணும்னா தெறந்து பாருங்க" என்றான்.

"பாக்கறேன்" என்றேன். அன்று எனக்குக் காலை டிபனே தேவைப்படவில்லை. வயிறு அவ்வளவு நிறைந்திருந்தது.

வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டேன், சுலபமாக விழுந்தது. அப்படியானால் லிவரிலும் அதை பாக்ஸோடு சேர்க்கும் லிங்கிலும் இறுக்கம் இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து, கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸ் போட்டேன். அந்த வண்டியில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, தெரியுமில்லையா? கிளட்ச் சரியாக விடுபடாவிட்டால் முதலில் கத்துவது ரிவர்ஸ்தான். சத்தமே இல்லை. மேடு, பள்ளம், சூடேறிய பிறகு, நெரிசலில் ஊர்ந்து என்று எல்லா விதமாகவும் ஓட்டினேன். ஒன்றும் இல்லை.

திரும்பிவந்து ராம்ப்பில் ஏற்றினேன். கேபிள், மவுன்டிங், புஷ், ஒவ்வொரு போல்ட். உண்மையைச் சொல்கிறேன், நான் தேடியது பழுதை இல்லை. சேகரின் தப்பைத் தேடினேன். ஒரு போல்ட் லூசாக இருக்காதா, ஒரு கிளிப் மறந்திருக்க மாட்டானா என்று தேடினேன். ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இறுக்கிய போல்ட்டுகளில் பெயிண்ட் கோடுகூடப் போட்டு வைத்திருந்தான். அந்தச் சுத்தமான வேலையைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு கசந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று கை அரித்தது. உள்ளே ஏதாவது கிடைக்காதா? டிராலியைக்கூட இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. நான் ஓட்டினால் சத்தமில்லை. சேகர் ஓட்டினாலும் சத்தமில்லை. சத்தத்தைக் கேட்டவர் ஒருவர்தான். அவர் ஓட்டி நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மூன்று தடவையும் சாவியை வாங்கிக்கொண்டு நாங்கள்தான் ஓட்டியிருக்கிறோம்.

இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புகார் சொல்கிறவரிடமிருந்து சாவியை வாங்காதீர்கள். அவரையே ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள்.

வெயிட்டிங் ரூமுக்குப் போனேன். கணவன் மனைவி இருவரும் இருந்தார்கள். அன்று அந்த அம்மாதான் வண்டியை ஓட்டி வந்திருந்தார். இவர் இனிமேல் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"சார், வீட்டுல இந்த வண்டிய யார் யார் ஓட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"நானும் இவளும்" என்றார்.

"மேடம் ஓட்டும்போதும் சத்தம் வருதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பேப்பரை மடித்தார். "இவ ஓட்டினா வராது. இவ ஓட்டினா எல்லாம் ஒழுங்காத்தான் நடக்கும். வண்டியே இவ பேர்லதான இருக்கு" என்றார்.



அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது என்னிடம் "சேகர் வேலை பார்த்தா சத்தமே வராது" என்று சொல்லும்போது நான் பதில் சொல்வேனே, அதே குரல். அந்த நிமிடத்தில் வண்டியை மறந்துவிட்டு அந்த மனிதரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்று பேரும் கிளம்பினோம். முதலில் அந்த அம்மாவை ஓட்டச் சொன்னேன். நான் பின் சீட்டில். நன்றாக ஓட்டினார். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறதாம், ஆனால் கியர் மாற்றுவது கண்ணுக்கே தெரியவில்லை. சேலத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "பஸ் வருது பாரு", "மெதுவா", "அந்த ஆட்டோக்காரன விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொல்வதற்கு முன்பே அந்த அம்மா அதைச் செய்து முடித்திருந்தார். அவருக்கு அதுவும் தெரிந்தது.

ஆஸ்டின் டவுன் மைதானத்துப் பக்கம் நிழலில் நிறுத்தச் சொன்னேன். என் வீடும் அந்தப் பக்கம்தான் என்பதால் எந்தத் தெருவில் நெரிசல் இருக்காது என்று தெரியும்.

"இப்ப நீங்க ஓட்டுங்க சார்."

இறங்கி இடம் மாறினார்கள். கதவருகே இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போனபோது பார்த்தேன். அந்த அம்மா அவரைவிட ஒரு விரல் உயரம் அதிகம்.

சேலத்துக்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக சீட்டுக்கு அடியிலிருந்த லிவரைப் பிடித்து, முதுகால் ஒரு தள்ளு தள்ளி, சீட்டைக் கடைசிவரை பின்னுக்குக் கொண்டுபோனார். என் முழங்காலில் வந்து இடித்தது. பிறகு கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். காலை நீட்டிக் கிளட்ச்சை மிதித்தார். மிதிக்கும்போது இடுப்பு சீட்டில் சறுக்கியது. சீட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். குதிகால் தரையில் இல்லை. கட்டைவிரல் நுனியால் மிதித்துக்கொண்டிருந்தார். பெடல் தரையைத் தொட இன்னும் நன்றாக இடம் இருந்தது.

ஃபர்ஸ்ட் கியர் போட்டார். கர்ர்.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா?"

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வண்டி கத்தியதில் அவருக்குச் சந்தோஷம். காலையில் மேனேஜர் சேகரின் வண்டியை என்னிடம் கொடுத்தபோது எனக்கு வந்ததும் அதே சந்தோஷம்தான்.

அவர் ஏன் சீட்டைப் பின்னால் தள்ளினார் என்று வேறு யாருக்காவது புரிந்திருக்குமா, தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேகர் ஜே.சி. ரோட்டுக்கு ஸ்பேர் வாங்கப் போய்வருவான். வந்ததும் நான் முதலில் கண்ணாடியைத் திருப்பி வைப்பேன். எனக்கும் அவனுக்கும் ஒரே உயரம். திருப்பத் தேவையே இல்லை. ஆனாலும் அவன் பார்த்த கண்ணாடியில் அப்படியே பார்க்க மனம் வராது. இவரும் அப்படித்தான். மனைவி உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. அவளைவிடப் பின்னால் உட்கார வேண்டும், காலை நீட்டி, பெரிய ஆள் மாதிரி. கால்தான் எட்டவில்லை. கிளட்ச் பாதி விடுபட்ட நிலையிலேயே கிட்டத்தட்ட ஒரு வருடமாகக் கியர் போட்டுப் போட்டு ரிங்கைத் தின்றிருக்கிறார். சேகர் போட்ட புது ரிங்கையும் தின்றுகொண்டிருந்தார்.

"சார், சீட்டை முன்னாடி தள்ளுங்க." நாலே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது அந்த அம்மாவைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர்கள் அப்படித்தான் வெளியே பார்ப்பார்கள். இதை அவர் வீட்டில் எப்போதோ சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மனைவி சொன்ன அதே காரணத்தை ஒரு மெக்கானிக்கும் சொன்னால், அதுவும் மனைவியின் முன்னாலேயே சொன்னால், அந்த மனிதர் சீட்டை நகர்த்த மாட்டார். ஊரிலிருக்கும் எல்லாக் கியர் பாக்ஸையும் மாற்றச் சொல்வார்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. நாளை அந்த அதிகாரி வருகிறார். அவர் முன்னால், மேனேஜர் முன்னால், ஒர்க்‌ஷாப்பே கூடி நிற்கும்போது, இவரை ஓட்டச் சொல்லி, சீட்டைக் காட்டி நான் சொன்னால் என்ன ஆகும்? ஒரு சீட்டுக்காக சேகர் ஒரு தடவை பாக்ஸை இறக்கினான், இன்னொரு தடவை கிளட்ச்சை மாற்றினான் என்று ஊர் சிரிக்கும். டிரெயினிங், புது ஓவர்ஆல், எல்லாம் ஒரே நாளில் அழுக்காகிவிடும். தனிப் பிரிவு எனக்கு. அப்படி ஒரு வாய்ப்பு எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

"இன்னா, சத்தம் கேட்டுச்சா இல்லையா?" என்றார் சேலத்துக்காரர்.

"கேட்டுச்சு சார். ஒர்க்‌ஷாப்புக்குப் போலாம். மேடமே ஓட்டட்டும்."

போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். சேகர் மேல் இரக்கப்பட்டு நான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரக்கம் துளியும் இல்லை. நான் நினைத்தது ஒன்றுதான். சேகர் கைபட்ட பிறகு இந்த வண்டி திரும்பி வந்தது. என் கைபட்ட பிறகு திரும்பி வரக் கூடாது. நாலு பேர் முன்னால் இவரை அவமானப்படுத்தினால் இவர் கோபத்தில் இன்னும் பின்னால் உட்காருவார். மறுபடி கத்தும். மறுபடி வரும். அப்போது அது என் வண்டி. சேகர் கையைத் துடைத்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்ப்பான்.

அந்த நினைப்புத்தான் என்னை நிறுத்தியது. பொறாமைதான் எனக்கு அன்று புத்தி சொன்னது.

ஒர்க்‌ஷாப் வந்ததும் அந்த அம்மாவை வெயிட்டிங் ரூமில் டீ சாப்பிடச் சொல்லிவிட்டு, சேலத்துக்காரரை மட்டும் பின்பக்கம் நான் வேலை செய்யும் இடத்துக்கு அழைத்துப்போனேன். ராம்ப்பில் ஏற்றி அவர் கண்ணெதிரில் கேபிளில் கொஞ்சம் இருந்த ஆட்டத்தை எடுத்தேன். அது அளவுக்குள்தான் இருந்தது. ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் செய்தேன் என்று சொல்ல எனக்குப் பிடிக்காது. இறக்கினேன்.

"சார், நீங்க ஓட்டுற ஸ்டைலுக்குத் தகுந்த மாதிரி கிளட்ச் செட் பண்ணியிருக்கேன். இதுக்கு உக்கார்ற முறை ஒண்ணு இருக்கு. ரேலி ஓட்டுறவங்களப் பாத்திருக்கீங்களா?"

"டிவில பாத்திருக்கேன்."

"அவங்கள்லாம் காலை நீட்டிக்கிட்டு உக்கார மாட்டாங்க. ஸ்டியரிங்குக்குக் கிட்டத்துல உக்காருவாங்க. முழங்கையும் மடங்கணும், முழங்காலும் மடங்கணும். அப்பத்தான் வண்டி அவங்க கையில இருக்கும். உக்காந்து பாருங்க."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ரேலிக்காரர்கள் அப்படித்தான் உட்காருகிறார்கள்.

அவர் உட்கார்ந்தார். நானே குனிந்து லிவரைப் பிடித்து சீட்டை முன்னால் கொண்டுவந்தேன். சீட் ஓடும் தண்டவாளத்தில் பல் பல்லாக இருக்கும் இல்லையா? அந்த அம்மா வைத்திருந்த பல் எது என்று பார்த்து வைத்திருந்தேன். அதையும் தாண்டி ஒரு பல் முன்னால் நிறுத்தினேன். அவருக்கு அதுதான் சரியான இடம். முதுகுச் சாய்மானத்தை மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்த்துவிட்டேன், மனைவி உட்காருகிற மாதிரி தெரியக் கூடாதே. தண்டவாளத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன்.

"இது உங்க மார்க் சார். இதை வேற யாரும் மாத்தினா நீங்க திரும்ப இங்க கொண்டுவந்துடுங்க."

கிளட்ச்சை மிதித்தார். பெடல் தரைவரை போனது. ஃபர்ஸ்ட். ரிவர்ஸ். மறுபடி ஃபர்ஸ்ட். சத்தமே இல்லை. முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கண்ணில் ஏதோ ஒன்று வந்து போனது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "புது பார்ட்ஸ் செட் ஆக டைம் எடுத்திருக்கும், இல்ல?" என்றார்.

இதை மறுக்கலாம். மறுத்தால் சீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

"ஆமா சார். எடுக்கும்" என்றேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். சேலத்துக்காரர் லீவு போட்டுவிட்டுத் தனியாக வந்தார். வெள்ளைப் புள்ளியில் சீட்டை நிறுத்தித் தானே ஓட்டிக் காட்டினார். அதிகாரி ஓட்டினார். ஒன்றும் இல்லை. எல்லோரும் சுற்றி நின்றோம்.

"அப்போ புகார்?" என்றார் அதிகாரி.

"நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் சார். புது ரிங் செட் ஆக டைம் எடுத்திருக்கு. சேகர் ரொம்ப நல்லா பண்ணியிருக்கார்" என்றார் சேலத்துக்காரர். என் பக்கம் பார்க்கவே இல்லை. என் பெயரைச் சொன்னால் நான் என்ன செய்தேன் என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியை அவரால் தாங்க முடியாது. எனக்கு அது புரிந்தது. புரிந்து என்ன? அதிகாரி சேகரின் தோளைத் தட்டினார். சேகர் தலையைக் குனிந்து சிரித்தான்.

எல்லோரும் கலைந்த பிறகு மேனேஜர் என்னிடம் வந்தார்.

"நீ இன்னா மாடிதே மாணிக்கா?"

"கேபிள் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன் சார்."

"அஷ்டேனா?"

"அவ்வளவுதான் சார்."

அந்த வாரமே சேகர் கியர் பாக்ஸ் பிரிவுக்குப் பொறுப்பானான். கண்ணாடி வைத்த சின்ன கேபின் ஒன்றும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராம்புரத்தில் தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார் மாமியார். மண்டல அதிகாரி உம்புள்ள தோள தட்டினாராமே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள். நானும் ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் வசந்தா கேட்டாள்: "உங்களுக்குச் சந்தோஷமே இல்லையாங்க?"

"இருக்கு."

"மொகத்துல காணோமே."

"மொகத்துல எதுக்கு" என்றேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் தம்பியிடம் போகும் என்பதற்காக மட்டும் இல்லை. நான் கண்டுபிடித்தேன் என்று நானே போய்ச் சொல்லிக்கொண்டால், அதில் என் பொறாமைதான் தெரியும். வேலை தெரியாது. பொறாமைக்காரன் சொல்லும் உண்மைக்கு அந்த மாதிரி ஒரு கஷ்டம் உண்டு. நீங்கள் பக்கத்து பே ஆளைப் பற்றி ஒரு குறை சொல்லப் போகும்போது, நீங்கள் எந்த முகத்தோடு போகிறீர்கள் என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வண்டி திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வாரமும் ரிசப்ஷனில் எட்டிப் பார்ப்பேன். வரவே இல்லை. அது ஒன்றுதான் எனக்கிருந்த ஆறுதல்.

பல மாதம் கழித்து ஒரு நாள் காலை வந்தது. பயந்துபோனேன். ஆனால் ஓட்டி வந்தது அந்த அம்மா. தனியாக. சாதாரண ஆயில் சர்வீஸுக்கு. வண்டியைப் பார்த்ததும் சேகர் கேபினிலிருந்து வேகமாக வெளியே வந்தான்.

"வாங்க மேடம். கியர் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. மாணிக்கம் சார் இருக்காரா?"

"கியர் சம்பந்தமா இருந்தா நானே பாக்கறேன் மேடம். நான்தான் இப்ப செக்‌ஷன் இன்சார்ஜ்."

"இல்ல பரவாயில்ல. அவர்தான் பாக்கணும்."

நான் அடுத்த பேயில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். அந்த "அவர்தான்" என் காதில் விழுந்தது. உடனே எழுந்து வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தேன்.

வண்டியைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி என்னைத் தள்ளி அழைத்துப்போனார் அந்த அம்மா. குரலைத் தாழ்த்தினார்.

"இப்பல்லாம் நான் ஓட்ட உக்காரும்போது சீட்ட ஒரு பல் பின்னாடி தள்ள வேண்டியிருக்கு சார்."

நான் குனிந்து டயரைப் பார்த்தேன்.

"அன்னைக்கு நீங்க பின்னாடி உக்காந்து அவர் காலயே பாத்துட்டிருந்தீங்க. ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். சொல்லல. வண்டி வாங்கின மாசத்துலருந்து நான் சொல்லிட்டிருந்தேன், கேக்கல. நீங்க என்ன சொன்னீங்க?"

"ரேலி ஓட்டுறவங்க கிட்டத்துல உக்காருவாங்கன்னு சொன்னேன் மேடம்."

அந்த அம்மா கையிலிருந்த பர்ஸால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கேபின் கண்ணாடிக்குப் பின்னால் சேகர் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா போனதும் வந்தான்.

"மாமா, அந்தம்மா இன்னா சொல்லி சிரிச்சாங்க?"

"ஒண்ணுமில்ல சேகர்."

"அது என் வண்டி மாமா. பாக்ஸ் எறக்கினது நான், கிளட்ச் மாத்தினது நான். உங்கள எதுக்குக் கேக்கறாங்க?"

"தெரியலயேப்பா."

என் டிராலியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தான். அதைப் பார்த்தான். திரும்ப வைத்தான். கிளம்புகிற மாதிரி நகர்ந்து, போகாமல் நின்றான். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். உதட்டில் சிரிப்பு அப்படியே இருக்க, கன்னம் மட்டும் இறுகியிருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொள்ள எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் நான் வைத்திருந்த முகம். அன்றுதான் முதல் தடவையாக அவனை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

அதன்பிறகு அந்த வண்டி என்னிடம்தான் வந்தது. அவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் சேகர் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு என் பேயைத் தாண்டிப் போவான். பானெட் திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பான். ரிங்கில், கிளட்ச்சில், கேபிளில் எல்லாம் தேடியிருப்பான். சீட்டுக்கு அடியில் தேடவில்லை.

அவனும் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டான். போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தான். பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

"மாமா, இப்பவாவது சொல்லுங்க. அந்தச் சேலத்துக்காரர் வண்டியில நீங்க இன்னா பண்ணீங்க?"

நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ரசம் ஊற்றச் சொன்னேன்.